‘கிராக்’கை எப்படிப் படிப்பது: சத்தத்தில் பிறந்த ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்கு வழிகாட்டி

ஆங்கிலத்தில் சத்தத்திலிருந்து பிறந்த வினைச்சொற்கள் ஒரு தனி ரகம். மற்றச் சொற்களைப் படிக்கிற மாதிரி அகராதியைத் திறந்து அர்த்தங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கொப்பியில் இறக்கிக்கொண்டால் இவை மண்டையில் நிற்காது. கிராக் என்ற சொல்லையே எடுங்கள். சுவரும் கிராக் ஆகிறது, முட்டையையும் கிராக் பண்ணுகிறார்கள், ஜோக்கையும் கிராக் பண்ணுகிறார்கள். திருடன் பெட்டகத்தைக் கிராக் பண்ணினால் பொலிஸ் அவன் மேல் கிராக் டவுன் பண்ணுகிறது. நாம் பிளேன்டீயில் தொட்டுத் தின்பது கிரீம் கிராக்கர். இவ்வளவையும் தனித்தனியாக உருப்போட யாரால் முடியும்?

நான் பண்டாரவளையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, முறைப்பாட்டுப் பிரதி, பொறியியலாளர் அறிக்கை என்று பகல் முழுக்க ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில்தான் பிழைப்பு. பின்னேரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலம் கேட்டு வருவார்கள். சாதாரண தரம் எழுதப்போகிற ஒருத்தி கேட்டாள்: “அக்கா, கிராக் என்றால் வெடிப்புதானே? அப்புறம் எப்படி ஜோக்கைக் கிராக் பண்ணுறாங்க? ஜோக்கில வெடிப்பு விழுமா?”

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்ன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கிராக்கை வைத்துச் சொன்னாலும், பஸ் (வண்டின் ரீங்காரம்), கிளிக், ஹிஸ் என்று வேறு எந்தச் சத்தச் சொல்லை எடுத்தாலும் இதே வழியில் போகலாம்.

முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள்

அகராதியைத் தொடுவதற்கு முன்னால் சொல்லை நாலைந்து தரம் உரக்கச் சொல்லுங்கள். கிராக். தொடக்கத்தில் நாக்கின் அடிப்பகுதி மேலே போய்க் காற்றை அடைத்துச் சட்டென்று விடுகிறது. நடுவில் ஒரு குட்டி உயிர். முடிவில் மறுபடி அதே இடத்தில் அடைப்பு. அடைப்பில் தொடங்கி அடைப்பில் முடிகிற சொல், அதனால் சத்தம் நீள வழியே இல்லை. இப்போது கிராஷ் என்று சொல்லுங்கள். தொடக்கம் அதேதான், ஆனால் ‘ஷ்’ என்று முடிவதால் சாமான்கள் விழுந்து சிதறி உருள்கிற மாதிரி சத்தம் இழுபடுகிறது. கிரீக் என்று சொல்லுங்கள். நடுவில் நெடில் வந்ததும், எண்ணெய் போடாத பழைய கதவு மெதுவாகத் திறக்கிறது.

தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ‘மடார்’ என்றால் ஒரே அடி, ‘மடமட’ என்றால் தொடர்ச்சி. ‘சடார்’, ‘சடசட’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நாம் சொல்லை இரட்டித்துச் செய்கிற வேலையை ஆங்கிலம் வாலில் ஓர் ‘இல்’ ஓசையை ஒட்டிச் செய்கிறது. கிராக் என்றால் ஒன்று. சின்னச் சின்னக் கிராக்குகள் தொடர்ந்து வந்தால் கிராக்கிள். ஸ்பார்க் என்றால் ஒரு பொறி, ஸ்பார்க்கிள் என்றால் மினுமினுப்பு. மழைக்காலத்தில் காய்ந்தும் காயாததுமாகக் கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகளை, அடுப்பில் வைத்தால் கேட்கிறதே, அந்தச் சடசடப்புதான் கிராக்கிள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சொல்லின் குடும்பத்தில் பாதி பிடிபட்டுவிடும்.

பிறகு ஒரு பிஸ்கட்

இது நான் பிள்ளைகளுக்கு உண்மையாகவே செய்து காட்டுகிற பாடம். புதிதாக உடைத்த பக்கெட்டில் இருந்து ஒரு கிரீம் கிராக்கரை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களாலும் நடுவில் அழுத்துங்கள். உடனே உடையாது. முதலில் விரல் நுனியில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும். அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம். சத்தம் கேட்ட அதே கணத்தில் பிஸ்கட்டின் குறுக்கே ஒரு கோடு ஓடியிருக்கும், சில சமயம் இரண்டு பாதியும் ஒரு நூல் அளவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கையை நிறுத்தி வைத்துப் பாருங்கள். சத்தமும் கோடும் சேர்ந்த அந்த நிலைதான் கிராக். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாதிகள் கையோடு வந்துவிட்டால் அது பிரேக்.

இனி அதே பக்கெட்டை மூடாமல் ஓர் இரவு வையுங்கள். எங்கள் ஊர் மூடுபனிக்கு அது போதும், காலையில் பிஸ்கட் நமத்துப் போயிருக்கும். இப்போது அழுத்தினால் வளையும், கிழியும், இரண்டாகவும் ஆகும். சத்தம் மட்டும் வராது. இதை ஆங்கிலத்தில் பிரேக் என்று சொல்லலாம், கிராக் என்று சொல்ல முடியாது. காய்ந்த, இறுக்கமான, வளைந்து கொடுக்காத சாமான்களுக்குத்தான் கிராக் பொருந்தும். கண்ணாடி, பீங்கான், ஓடு, எலும்பு, பனிக்கட்டி, காய்ந்த மண். துணி கிராக் ஆகாது, பலாப்பழம் கிராக் ஆகாது, ரப்பர் செருப்புகூட வெயிலில் கிடந்து விறைத்துப் போன பிறகுதான் கிராக் ஆகும்.

பிஸ்கட்டுக்கு கிராக்கர் என்ற பெயர் வந்ததும் இதே சத்தத்தால்தான். 18ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் மெல்லிய மொறுமொறு பிஸ்கட்டை அப்படி அழைத்தார்கள். கிரீம் கிராக்கர் என்பது 1885இல் டப்ளினில் ஜேக்கப் கம்பனி கொண்டுவந்தது. உள்ளே கிரீம் இருக்கும் என்று சின்ன வயதில் பிரித்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இரண்டு அகராதிகளைப் பக்கத்தில் வையுங்கள்

மாணவர்களிடம் பெரும்பாலும் இருப்பது ஆக்ஸ்போர்டின் மாணவர் அகராதி. அதில் கிராக் என்ற வினைக்கு முதல் அர்த்தமாக, துண்டுகளாகப் பிரியாமல் உடைதல் என்ற பொருள் இருக்கும். இன்று மக்கள் அதிகம் பயன்படுத்துவதை முன்னால் வைப்பது அதன் வழக்கம். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைத் திறந்தால் முதலில் வருவது, கூர்மையான வெடிச்சத்தம் எழுப்புதல். அது அர்த்தங்களைப் பிறந்த வரிசையில் அடுக்குகிற அகராதி. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சத்தச் சொல்லைப் படிக்கும்போது இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்து, மூத்தது எது, இன்று முன்னால் நிற்பது எது என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் சொல்லின் வரலாறு.

கிராக்கில் மூத்தது சத்தம். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘கிராகியன்’ என்று ஒரு வினை இருந்தது. ஓங்கி ஒலித்தல், அவ்வளவுதான் அதற்குப் பொருள். உடைதல், பிளத்தல் எல்லாம் பல நூறு ஆண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை. ஜெர்மன் மொழியில் இதன் உறவுக்காரச் சொல் இன்றைக்கும் சத்தத்தை விடவில்லை. அங்கே ‘கிராஹ்’ என்றால் இரைச்சல், சண்டை, பங்குச்சந்தைச் சரிவு. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் ‘கிராக் ஆஃப் டூம்’ என்று வரும். உலகம் பிளக்கிற பிளவு என்று அதைப் படிக்கிறவர்கள் உண்டு. அங்கே சொல்லப்படுவது இறுதித் தீர்ப்பு நாளின் இடிமுழக்கம்.

ஆக, நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: கிராக் எங்கே வந்தாலும், ‘இங்கே இருப்பது சத்தமா, சத்தம் போன பிறகு மிஞ்சியதா, இல்லை வாயிலிருந்து வந்த சத்தமா?’ என்று கேளுங்கள். கிட்டத்தட்ட எல்லா அர்த்தமும் இந்த மூன்று கிளைகளில் ஒன்றில்தான் தொங்கும்.

முதற்கிளை: எதுவும் உடையாத கிராக்

சத்தம் மட்டும் இருக்கிற கிராக்கைப் பார்க்க வேண்டும் என்றால் ஆடி, ஆவணி வாக்கில் கண்டிக்குப் போங்கள். எசல பெரஹராவில் யானைகளுக்கும் மேளங்களுக்கும் முன்னால் வருகிறவர்கள் சாட்டைக்காரர்கள். சிங்களத்தில் கசகாரயோ என்பார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் அவர்களுக்குப் பெயர் ‘விப் கிராக்கர்ஸ்’. தெரு ஓரத்தில் துணி விரித்து மத்தியானமே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தால், பெரஹரா கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுவது அந்தச் சாட்டைச் சத்தம்தான். தலைக்கு மேலே சுழற்றி, கையை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார்கள். சாட்டை எதன் மேலும் படுவதில்லை. தரையில்கூட அடிக்கத் தேவையில்லை. ஆனாலும் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வரும், மடியில் இருக்கும் பிள்ளை திடுக்கிட்டு அழும்.

எதிலும் படாமல் சத்தம் எப்படி வருகிறது? சாட்டையின் பிடிப் பக்கம் தடிப்பு, நுனிப் பக்கம் மெலிவு. கை கொடுத்த வேகம் மெலிந்துகொண்டே போகிற சாட்டை வழியாக ஓடும்போது கூடிக்கொண்டே போய், நுனியில் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறது. ஒலி காற்றில் போவது விநாடிக்குச் சுமார் 340 மீற்றர். அதைத் தாண்டுகிற இடத்தில் காற்று அதிர்ந்து கொடுக்கிற சத்தம்தான் நாம் கேட்பது. பெரிய ஜெட் விமானம் செய்கிற காரியத்தை ஒரு சாட்டைக் கயிறு செய்கிறது. அதிவேகப் படம் எடுத்து 20ஆம் நூற்றாண்டில் இதைக் காட்டினார்கள். சாட்டைச் சத்தம் இடியையும் மின்னலையும் குறிக்கிறது என்று கண்டியில் சொல்வார்கள். மெக்பெத்தின் கிராக்கும் இடிதான் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

விரல் நெட்டியும் இந்தக் கிளைதான். ஆங்கிலத்தில் நக்கிள்ஸைக் கிராக் பண்ணுகிறார்கள். மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக்குமிழ் உண்டாவதால் வருகிற சத்தம் அது, எலும்பு உடைவதில்லை. நாம் அதை ‘நெட்டி முறித்தல்’ என்கிறோம். எதுவும் முறியாத இடத்தில் முறிவைச் சொல்வது நம் வழக்கம். பிள்ளைக்குக் கண்ணூறு கழிக்க அப்பாயி கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்குவார் இல்லையா, எவ்வளவு சத்தம் வருகிறதோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று ஒரு கணக்கு. மாத்தளைக்கும் கண்டிக்கும் நடுவில் இருக்கிற நக்கிள்ஸ் மலைத்தொடரின் பெயரும் இந்த விரல் முட்டிதான். மடக்கிய முட்டி மாதிரித் தெரிகிறது என்று வெள்ளைக்காரர்கள் வைத்தது.

துப்பாக்கிச் சத்தம், பட்டாசு, நத்தார் விருந்தில் இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுக்கிற காகிதக் கிராக்கர் எல்லாம் இதே கிளை. காகிதக் கிராக்கரை 1840களில் தொடங்கி உருவாக்கியவர் டொம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய்க்காரர். கிராக் என்ற போதைப்பொருளுக்குப் பெயர் வந்ததும் சூடாக்கும்போது கேட்கிற சடசடப்பால்தான். 1980களில் அமெரிக்காவில் பரவிய பெயர். பத்திரிகையில் வந்தால் தடுமாறாமல் இருக்கச் சொல்கிறேன், அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

இரண்டாம் கிளை: சத்தம் போன பிறகு மிஞ்சுவது

மலையகத்தில் இருக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியமான கிளை. சத்தம் ஒரு கணத்தில் போய்விடும், அது விட்டுச் சென்ற கோடு நிற்கும். அந்தக் கோட்டுக்கும் சத்தத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். தமிழில் ‘வெடி’ செய்திருப்பதும் இதேதான். வெடி என்றால் சத்தம், வெடிப்பு என்றால் பிளவு. கொழுந்து எடுக்கிற அம்மாக்களின் குதிகாலில் இருப்பது பித்தவெடிப்பு. அங்கே எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. சத்தமே இல்லாமல் வந்த பிளவையும் அந்தப் பெயரால் சொல்கிற அளவுக்குச் சொல் நகர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் அதே குதிகாலுக்குக் கிராக்ட் ஹீல் என்றுதான் பெயர். இரண்டு மொழியும் தனித்தனியே நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

மழைக்காலம் வந்தால் என் மேசைக்கு மண்சரிவு சம்பந்தமான காகிதங்கள் வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ‘கிராக்’ என்ற சொல்லைக் காகிதத்தில் கண்டால் நான் இரண்டு தரம் வாசிப்பேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்று சொல்கிறவற்றில் முதன்மையானது நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றுகிற வெடிப்பு. மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்கி வருவது ஆகியவை மற்றவை.

ஒரு தடவை வேறு யாரோ மொழிபெயர்த்த அறிவித்தல் ஒன்று கைக்கு வந்தது. கிராக் என்ற இடத்திலெல்லாம் ‘கீறல்’ என்று போட்டிருந்தார்கள். கீறல் என்றால் ஆணியால் சுவரில் இழுத்தாலும் வரும். அதைப் படித்துவிட்டு யார் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போவார்கள்? மேற்பூச்சில் விழுந்தால் கீறல், சுவருக்குள்ளே ஓடினால் வெடிப்பு. கைவிரலைக் கோட்டின் குறுக்கே வைத்துத் தடவினால் ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சுவர் இடம் மாறியிருக்கிறது. பொறியியலாளர் ‘ஹெயார்லைன் கிராக்’ என்று எழுதினால் மயிரிழை வெடிப்பு என்று எழுதுங்கள். சரிவின் மேற்பக்கத்தில் நிலம் இழுபட்டுப் பிளக்கிறதை ‘டென்ஷன் கிராக்’ என்பார்கள். அதை ‘இழுவிசை வெடிப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், ‘மேட்டுப் பக்கத்தில் நிலம் இழுபட்டுப் பிளந்திருக்கிறது’ என்று ஒரு வரி சேர்ப்பேன். கிராம சேவகருக்கும் விளங்கும், தோட்டத் தலைவருக்கும் விளங்கும்.

சொல்லின் இரண்டு கிளைகள் ஒரே காகிதத்தில் மோதுவதும் இங்கேதான். ஆங்கில அறிவுறுத்தல்களில் நிலத்தில் ‘கிராக்ஸ்’ இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் தள்ளி, மரங்கள் ‘கிராக்கிங்’ ஆகிற சத்தம், கற்பாறைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டால் உடனே வெளியேறுங்கள் என்று இன்னொரு வரி இருக்கும். முதலாவது கண்ணால் பார்ப்பது, இரண்டாவது இருட்டில் காதால் கேட்பது. இரண்டுக்கும் ‘வெடிப்பு’ என்று எழுதினால் ‘மரங்களில் வெடிப்பு ஏற்பட்டால்’ என்று ஆகும், வாசிக்கிறவர் விடிந்த பிறகு போய் மரத்தைத் தடவிப் பார்ப்பார். ‘மரங்கள் மடமடவென்று முறிகிற சத்தம் கேட்டால்’ என்று எழுத வேண்டும்.

இந்தக் கிளையில் மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டையைக் கிராக் பண்ணுவது ஓட்டில் கோடு விழத் தட்டுவது. கிராக் விழுந்த கண்ணாடிக் கிளாஸ் இன்னும் கிளாஸ்தான், பிரேக் ஆனது குப்பை. பெட்டகத்தைக் கிராக் பண்ணுவது 19ஆம் நூற்றாண்டுத் திருடர்களின் பேச்சிலிருந்து வந்தது, அங்கிருந்துதான் ரகசியக் குறியீட்டைக் கிராக் பண்ணுவதும். கொட்டையின் ஓட்டை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கிற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. தமிழில் புதிரை அவிழ்க்கிறோம், முடிச்சை அவிழ்க்கிறோம். ஆகவே ‘குறியீட்டை வெடிக்க வைத்தார்’ என்று எழுதாதீர்கள், அவிழ்த்தார் என்றே எழுதுங்கள். பாடும்போது ஓர் இடத்தில் குரல் பிசிறினால் வொய்ஸ் கிராக்ட். மகரக்கட்டு வயதில் ஒரேயடியாகக் குரல் மாறினால் வொய்ஸ் புரோக். ஆளைக் ‘கிராக்கு’ என்று நாம் திட்டுவதும் பிளவுதான், மண்டை ஓட்டில் விரிசல் விட்டவன் என்று பொருள். நம் ஆட்கள் ‘மறை கழண்டது’ என்பார்கள். கடைக்காரர் சாமானுக்கு ‘நல்ல கிராக்கி’ என்று சொல்வதை இதோடு சேர்க்க வேண்டாம், அது வடக்கேயிருந்து வந்த வேறு சொல்.

மூன்றாம் கிளை: வாய்ச்சத்தம்

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இந்தக் கிளையில் இருக்கிறது. ஜோக்கில் வெடிப்பு விழுவதில்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கிராக் என்றால் உரத்துப் பேசுதல், பீற்றிக்கொள்ளுதல் என்றும் பொருள் இருந்தது. சாட்டை காற்றில் சத்தம் போடுகிற மாதிரி மனிதன் வாயால் சத்தம் போடுகிறான். அந்தப் பீற்றல் கிராக் இன்று தனியே வழக்கில் இல்லை. ஆனால் அது விட்டுப்போன பிள்ளைகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். கிராக் எ ஜோக் அதில் ஒன்று. குத்தலாக ஒரு பேச்சு விட்டால் வைஸ்கிராக். நாமும் சிரிப்பு வெடி என்கிறோம், பட்டிமன்றத்தில் வெடிச்சிரிப்பு எழுகிறது. ஆகவே ‘ஒரு நகைச்சுவையை உடைத்தார்’ என்று எழுத அவசியமே இல்லை, ஒரு பகிடி விட்டார் என்றால் முடிந்தது.

பரீட்சையில் வழுக்குகிற ஓர் இடம்: ‘நொட் ஒல் இட்ஸ் கிராக்ட் அப் டு பீ’. பிளவைத் தேடினால் கிடைக்காது. முன்பு ‘கிராக் அப்’ என்றால் புகழ்ந்து தள்ளுதல். ஊரார் புகழ்ந்த அளவுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அர்த்தம். எல்லாரும் பெருமையாகப் பேசுகிற படைப்பிரிவு ‘கிராக்’ ரெஜிமென்ட் ஆனதும் இதே வழியில்தான், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். விரிசல் விட்ட படை என்று மொழிபெயர்த்துவிட்டால் தளபதிக்குக் கோபம் வரும்.

ஸ்கொட்லாந்தில் கிராக் என்றால் அரட்டை. அது அயர்லாந்துக்குப் போய், ஐரிஷ் எழுத்துமுறையில் எழுதப்பட்டு, பழைய ஐரிஷ் சொல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. ‘நல்ல கிராக்’ என்று ஐரிஷ்காரர் சொன்னால் நல்ல பேச்சு, நல்ல பொழுது என்று அர்த்தம்.

கிளை பிரியாத சில மீதம் இருக்கும், அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம். கெட் கிராக்கிங் என்றால் சுறுசுறுப்பாக வேலையைத் தொடங்கு. கிராக் டவுன் 1930களில் பெருகியது, கடும் நடவடிக்கை என்பதே நம் பத்திரிகைத் தமிழ். கிராக் ஒஃப் டோன் என்றால் விடிகிற நேரம், தோட்டத்தில் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் எழும்புகிற நேரம். அது இருட்டில் விழுகிற வெளிச்சக் கோடா, சாட்டை மாதிரிச் சட்டென்று வருவதா என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள்.

பிறப்புக் கதைகளை நம்புவதற்கு முன்

சத்தச் சொற்களுக்குக் கதை கட்டுவது சுலபம், இணையத்தில் நிறையக் கிடைக்கும். ஒரு கதை காதுக்கு இனிமையாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். எழுத்தில் முதலில் எப்போது, யார், என்ன பொருளில் எழுதினார் என்று பாருங்கள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து ஏழை வெள்ளையர்களைக் கிராக்கர் என்று ஏளனமாக அழைப்பது பழைய வழக்கம். மாட்டுச் சாட்டையைச் சொடுக்கியதால் வந்த பெயர் என்பது எல்லாரும் சொல்கிற கதை. ஆனால் 1766இல் எழுதப்பட்ட ஒரு கடிதம், அவர்கள் பெரிய பீற்றல்காரர்களாக இருப்பதால் இந்தப் பெயர் என்று நேராகவே சொல்கிறது. முதற்கிளை என்று நினைத்தது மூன்றாம் கிளையாக முடிகிறது. ஆக்ஸ்போர்டின் பெரிய வரலாற்று அகராதி இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மேற்கோள்களை ஆண்டோடு அடுக்கியிருக்கும். அது கிடைக்காதவர்களுக்கு இணையத்தில் இலவசமாக ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இருக்கிறது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் அதுவே தாராளம்.

கொப்பியில் எழுதும்போது பட்டியல் போடாதீர்கள். பக்கத்தின் நடுவில் சத்தத்தைத் தமிழில் எழுதுங்கள்: மடார், டக், சுளீர், உங்கள் காதுக்கு எது சரியோ அது. அதிலிருந்து மூன்று கோடு இழுத்து, எதிர்ப்படுகிற ஒவ்வொரு வசனத்தையும் அதனதன் கோட்டில் ஏற்றுங்கள். தனிச்சொல்லாக ஏற்ற வேண்டாம், எதைக் கிராக் பண்ணினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முட்டை, ஜோக், குறியீடு என்று பின்னால் வருகிற சாமான்தான் கிளையைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்ததாக ஸ்னாப்பை எடுத்து நீங்களே செய்து பாருங்கள். அது ஒரு பொறி. கேட்டால் சத்தச் சொல் மாதிரியே இருக்கும், குச்சி முறிகிற ஓசை அப்படியே இருக்கும். அகராதியில் வேரைப் பார்த்தால் அது டச்சு, கீழ்ஜெர்மன் பக்கத்திலிருந்து 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, ‘லபக்’ என்று கவ்வுதல் என்ற பொருளோடு. நாய் கவ்வுவதிலிருந்து, ஒருவர் மேல் எரிந்து விழுவதும், மலிவாகக் கிடைத்ததை அள்ளிக்கொள்வதும் வந்திருக்கின்றன. சத்தம் நடுவில் சேர்ந்தது. ஸ்னாப்ஷொட் என்ற சொல்லைத் தேடினால் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குறி பார்க்காமல் அவசரமாகச் சுடுகிற துப்பாக்கிச் சூடு வரும், புகைப்படம் வருவது 1860இல்தான்.